கடைசிச் சரணம்

புக்கிட் காத்தில் பக்கம் ஒரு வீட்டில் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டால், மறுநாள் சாயங்காலம் வாசலில் ஒரு பழைய கப்சாய் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும். இறங்குகிறவர் பாட்டு மாமா. பொண்ணு என்ன படிச்சிருக்கு, சாப்பாடு யார் என்றெல்லாம் விசாரிக்க மாட்டார். தலைக்கவசத்தைக் கழற்றும்போதே கேட்டுவிடுவார்: "பொண்ணு எந்தப் பாட்டுக்கு உள்ள வருது?"

காலையில் கோயிலில் நடக்கும் தாலிகட்டு அவர் இலாகா இல்லை. ராத்திரி மண்டபத்தில் விருந்து. எட்டு மணி என்று பத்திரிகையில் போட்டு, ஒன்பதேகாலுக்கு விளக்குகளை அணைத்து, வாசலில் ஒரு வெளிச்ச வட்டம் விழும். பெண்ணும் மாப்பிள்ளையும் சிவப்புக் கம்பளத்தில் மேடைக்கு நடந்து வருவார்கள். அந்த நாலு நிமிஷம்தான் மாமாவுக்கு. யாரும் அவரிடம் ஒப்படைத்ததில்லை. பிடுங்குகிற துணிச்சலும் யாருக்கும் வந்ததில்லை.

மாமா தோட்டத்தில் பிறந்தவர். அப்பா அம்மா இருவரும் பால்மரம் வெட்டினார்கள். இவர் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ரேடியோ செட் போட்டார். தென்னை மரத்தில் கூம்பு ஸ்பீக்கர் கட்டப் போய் விழுந்ததில் இடது முழங்கை இன்னும் முழுசாக நீளாது. அந்தக் காலத்தில்தான் அது நடந்தது. ஒரு கல்யாணத்தில் பல்லவி மங்களகரமாக இருக்கிறதே என்று இசைத்தட்டைச் சுழலவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார். சரணத்தில் கதாநாயகியின் தாலி போய்விட்டது. பெண்ணின் அத்தை செருப்போடு தேடி வந்தார். அன்றிலிருந்து மாமா எந்தப் பாட்டையும் கடைசிச் சரணம் வரை கேட்காமல் விடுவதில்லை. "பல்லவி எல்லாம் மாப்பிள்ளை வீட்டுக்காரன் பேச்சு மாதிரி தம்பி. வில்லங்கம் சரணத்துலதான் இருக்கும்."

கண்ணீர், பிரிவு, கனவு கலைதல், பூ உதிர்தல் எதுவும் ஆகாது. மழைகூட அளவோடுதான். அதையும் தாண்டி ஒரு பாட்டு வந்தால், படத்தின் முடிவு என்ன என்று பார்ப்பார். 'பாசமலர்' படத்தில் எல்.ஆர். ஈஸ்வரி பாடிய கல்யாணப் பாட்டு 1961-லிருந்து ஒலிக்காத தமிழ்க் கல்யாணம் உண்டா? மாமா ஒத்துக்கொள்ள மாட்டார். "பாட்டு நல்ல பாட்டு. படத்துல அண்ணனும் போயிடறான், தங்கச்சியும் போயிடறா. உன் அண்ணன் இங்க உயிரோட பந்தி பரிமாற வேணாமா?" இந்தக் கணக்கில் நம் சினிமாவில் முக்கால்வாசி அடிபட்டுப் போகும்.

போன வருஷம் என் அக்கா மகளுக்கு. அவள் கேட்டது 'மௌன ராகம்' படத்தின் பின்னணி இசை. இளையராஜா, வார்த்தையே கிடையாது, சரணமும் கிடையாது, மாமா எங்கே கைவைப்பார் என்று நானும் காத்திருந்தேன்.

"அது கல்யாணம் ஆன கையோட புருஷன்கிட்ட விவாகரத்தைப் பரிசா கேக்கற பொண்ணோட படம்மா."

"கடைசில சேர்ந்துடறாங்க மாமா."

"கடைசி வரைக்கும் யாரு நடப்பா? வாசல்லேருந்து மேடை எண்பது அடிதான்."

அவர் வேறு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "ரொம்ப லாமா மாமா" என்று அவள் உதட்டைப் பிதுக்கினாள். பழசுதான். ஆனால் அந்தப் படத்தில் எல்லோரும் பிழைத்திருந்தார்கள்.

மாப்பிள்ளையின் தங்கை விவரமானவள். "அப்போ வெள்ளைக்காரங்க கல்யாணத்துல பொண்ணு நடந்து வருமே, அந்த மியூசிக்?" என்றாள். மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மலாக்காவில் 1710-இல் கட்டிய செயின்ட் பீட்டர் தேவாலயத்தில் சிநேகிதர் மகள் கல்யாணத்துக்குப் போனபோது, ஆர்கன் வாசித்தவரைப் பிடித்து அவர் எல்லாம் விசாரித்து வைத்திருக்கிறார். அது வாக்னர் எழுதிய 'லோஹென்கிரின்' என்ற இசை நாடகத்தில் வருவது. முதலில் மேடையேறியது 1850-இல். அதில் பெண் மணமேடைக்கு வரும்போது பாடுவதில்லை. கல்யாணம் முடிந்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் பள்ளியறைக்கு அழைத்துப் போகும்போது பாடுகிறார்கள். "உன் பேரு என்ன" என்று புருஷனிடம் கேட்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்தப் பெண் அன்று ராத்திரியே கேட்டுவிடுகிறாள். அவன் கிளம்பிவிடுகிறான், இவள் உயிரை விடுகிறாள். (நான் நம்பாமல் சரிபார்த்தேன். அத்தனையும் நிஜம்.)

கப்பலையும் கடையையும் போல, கட்டிலையும் மலாய்க்காரர்களுக்குக் கொடுத்தது நாம்தான். அது காத்தில் ஆகி, நம் ஊர் கட்டில் மலை ஆயிற்று. "பள்ளியறைப் பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் ஏது மாமா?" என்றேன். பெரியவர்கள் பேசும் இடத்தில் குறுக்கே பேசாதே என்றார். எனக்கு நாற்பத்தாறு வயது.

ஒத்திகை அவர் வீட்டில். கூடத்தில் எண்பது அடி கிடையாது, அதனால் பத்தடியை எட்டுத் தடவை நடப்பார். பட்டுப்புடவையின் பாரம் தெரிவதற்கு அத்தையின் புடவையைக் கைலிக்கு மேல் சுற்றிக்கொள்வார். வழியில் மூன்று இடத்தில் நிற்பார். அதெல்லாம் போட்டோக்காரர் பெண்ணை நிறுத்துகிற இடங்கள். கையில் அரிசிமூட்டைக் கடை கொடுத்த சுவர்க்கடிகாரம். அத்தை தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "சீலையைக் கிழிச்சிடாதீங்க" என்பார்.

மாமாவின் பருப்பு வேகாத ஒரே ஆள் நாதஸ்வரக்காரர். காலையில் கோயிலில் ஒருமுறை பக்கத்தில் போய் உட்கார்ந்து, "முகாரி வேணாம்" என்று காதோடு சொல்லியிருக்கிறார். வித்வான் சீவாளியை வாயிலிருந்து எடுக்காமலே ஒரு பார்வை பார்த்தார். ஐயர் கை அசைந்ததும் கெட்டிமேளம். தும்மலும் அபசகுனப் பேச்சும் காதில் விழாமலிருக்கத்தான் அந்த ஏற்பாடு. மாமாவின் யோசனையும் அதிலேயே அமுங்கிப்போயிற்று.

விருந்து ராத்திரி, விளக்கு அணைந்தது. டிஜே தம்பியின் பின்னால் மாமா காவல் நின்றார். பென்டிரைவை அவரே சொருகியிருந்தார். பாட்டு தொடங்கி, முன்னிசை முடிந்து, பல்லவி எடுக்கிற நேரம். கதவு திறந்தது. மாப்பிள்ளையின் கூட்டாளிகள் யாரிடமும் சொல்லாமல் உறுமி மேளம் பிடித்திருந்தார்கள். பதினைந்து பையன்கள், கறுப்புச் சட்டை. மண்டபத்துத் தட்டுகள் அதிர்ந்தன. பாட்டிகள் எழுந்து கை தட்டினார்கள். என் அக்கா மகள் எண்பது அடியையும் ஆடிக்கொண்டே கடந்தாள்.

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் டிஜேயிடம் பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. ஸ்பீக்கர் பெட்டியில் காதை ஒட்டி, முழங்கை நீளாத கையைப் பெட்டிமேல் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றார். பெண் மேடை ஏறியதும் நிமிர்ந்தார்.

"கடைசிச் சரணம் சுத்தம்" என்றார் என்னிடம். ஆட்டிறைச்சிப் பிரட்டல் எந்த மேசையில் என்று கேட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.