உஸ்ஸென்று ஒரு பெயர்

போன வாரம் கோட்டுச்சேரிமேட்டு முக்கில் கட்டிய காதணி விழா பேனரை இன்னும் அவிழ்த்தபாடில்லை. கறுப்புக் கண்ணாடியில் தாய்மாமன்கள்; நடுவே குழந்தை, பெயர் யக்ஷிதாஸ்ரீ. பல் போன அப்பாயி என்ன செய்வாள்? ‘எச்சி’ என்று கூப்பிடுகிறாள். பிள்ளையும் ஓடி வருகிறது.

பெயர் வைக்க ஒரு நல்ல வழி சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்குமுன் ஒன்று.

சாயங்காலமானால் தெருவில் நிற்க முடியவில்லை. தர்ஷித், ஹர்ஷித், ரிஷ்வந்த், அஷ்விகா, ஜஷ்விகா என்று வாசலுக்கு வாசல் குக்கர் ஆவி விடுகிற மாதிரி ஒரே சீறல். கோழியெல்லாம் தன்னைத்தான் விரட்டுகிறார்கள் என்று கூண்டுக்குள் போய்விடுகிறது. தர்ஷித் மட்டும் வருவதில்லை. அவனுக்கும் அது பெயர் மாதிரிக் கேட்பதில்லை போலும். எதிர்வீட்டில் இரட்டைப் பிள்ளைகள்: லக்ஷித், தக்ஷித். அவர்களை அதட்டிவிட்டு அந்த அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொள்கிறாள். நானும் நாலடி தள்ளித்தான் நிற்கிறேன்.

தொல்காப்பியர் சகரத்தைச் சொல்லுக்கு முதலிலேயே விடமாட்டேன் என்றார். அவ்வளவு கறார் நமக்குக் கட்டாது. சட்டி இல்லாமல் மீன்குழம்பு எதில் வைப்பது? ஆனால் கம்பர், பக்கத்துத் தேரழுந்தூர்க்காரர், விபீஷணனை வீடணன் ஆக்கினார், லக்ஷ்மணனை இலக்குவன் ஆக்கினார். பத்தாயிரம் பாட்டுக்குமேல் ஓடியது. இலக்குவன் கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

பிரெஞ்சுக்காரன் பழக்கம் என்றும் தப்பிக்க முடியாது. 1739 முதல் 1954 வரை எங்கள் காரைக்காலை ஆண்டவர்கள்தான். அவர்களுடைய ரசீன் 1667-இல் ‘ஆந்த்ரொமாக்’ நாடகத்தில் ஸகரமாக அடுக்கிப் பாம்பைச் சீறவிட்டார். ஒரே வரியில். அதை இன்னும் பேசுகிறார்கள். நாம் ரேஷன் கார்டு முழுக்கச் சீறுகிறோம், கேட்க நாதியில்லை.

காரைக்கால் அம்மையார் அன்றே பிறந்தது நம் புண்ணியம். புனிதவதி இன்று பிறந்திருந்தால் புனிஷா. கணவன் பரமதத்தன் பர்மிஷ். மாங்கனித் திருவிழாவில் ‘புனிஷா தாயே’ என்று கும்பிட்டு மாம்பழம் பிடிக்க எனக்குக் கை வராது.

அந்த வழி என்ன என்பதற்குள் தங்கை மகள் வந்துவிட்டாள். “மாமா, ‘ஷ்’ல முடியற மாதிரி மாடர்னா ஒரு பேரு சொல்லுங்களேன்.”

“சுரேஷ்” என்றேன்.

“ஐயே, அது பழசு மாமா. உங்க பேரு வேற.”

என் அப்பா வைத்தது. அந்தக் காலத்து ‘ஷ்’ மரியாதையாக வால்மாட்டில் ஒரே ஒருமுறை வரும்.