ஆயா புடவையும் நாலு லட்ச ரூபா பொட்டியும்

உக்காரு நைனா. முதல்ல அந்தப் புஸ்தகத்தை மூடு. நாலு லட்ச ரூபா ஸ்பீக்கரு, குரல் வெண்ணெய் மாதிரி வழியுதுன்னு எழுதியிருக்கானா? காதால கேட்டானா, நாக்கால நக்கினானா?

நாப்பது வருசம் மைக் செட் கட்டுனவன் நான். கல்யாணம், காதுகுத்து, கானா கச்சேரி, எல்லாம் பாத்தாச்சு. குழாயைக் கம்பத்துல ஏத்திட்டுத் தெருக்கோடிக்கு நடப்பேன். அங்க கெழவி காதைப் பொத்துனா சத்தம் ஜாஸ்தி, "இன்னா பேசறாரு?"ன்னு கேட்டா பேச்சு தெளியல. நம்ம விமர்சனம் அவ்ளோதான்.

புஸ்தகக்காரன் எல்லாரும் புளுகன்னு சொல்லல. அமெரிக்காவுல கோர்டன் ஹோல்ட்டுன்னு ஒருத்தரு 1962ல ஸ்டீரியோஃபைல்னு ஒரு பத்திரிகை ஆரம்பிச்சாரு. முதல்ல காதுதான் தராசு. அப்பால ஜான் அட்கின்சன் வந்து மைக் வெச்சு அளந்து கிராஃபும் போட்டாரு. முன்பக்கத்துல தேவகானம்னு ஒருத்தன் உருகியிருப்பான். பின்பக்கத்துக் கோடு மழைக்கப்புறம் நம்ம ரோடு மாதிரி கெடக்கும். நீ பின்பக்கத்துலேந்து படி.

சென்சிடிவிட்டி 90 டெசிபல்னு போட்டா, கீழ பொடி எழுத்தையும் பாரு. 2.83 வோல்ட் குடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளக்கறது வழக்கம். 8 ஓம் பொட்டின்னா அது 1 வாட். 4 ஓம் பொட்டி அதே வோல்ட்டுல 2 வாட் குடிக்கும், 3 டெசிபல் ஓசியில ஏறிடும். பொய் இல்ல நைனா, சூடு வெச்ச ஆட்டோ மீட்டரும் ஓடத்தான செய்யுது?

இன்னொண்ணு. 1994ல ஃப்ளாய்டு டூல், ஷான் ஆலிவ்னு ரெண்டு பேரு, ஹார்மன்ங்கற ஸ்பீக்கர் கம்பெனில நாப்பது ஆளுங்களைக் கூட்டி நாலு ஸ்பீக்கர் கேக்க வெச்சாங்க. கண்ணால பாத்தப்போ பெரிய பொட்டிக்கு மார்க்கை அள்ளி வீசுனாங்க. திரை போட்டு மறைச்சதும் ஏளனமா பாத்த சின்னப் பொட்டியும் சரிக்குச் சரியா நிக்குது! கேட்டவன் எல்லாம் சொந்தக் கம்பெனிக்காரன்.

உன் ரூமு பத்துக்குப் பத்து, மேல ஆஸ்பெஸ்டாஸ். ஸ்பீக்கர் கம்பெனிக்காரன் வழக்கமா அளக்கறது எதிரொலியே இல்லாத ரூமுல. அடி பேஸ் வேணும்னா கொருக்குப்பேட்டை யார்டுல கூட்ஸ் வண்டி ராத்திரிக்கு ராத்திரி குடுக்குது, கட்டில் சேத்து ஆடுது.

வாங்கியே தீருவேன்னா, ஆயாவோட வாயில் புடவை ஒண்ணு எடுத்துக்கோ. ஜமுக்காளம் வேணாம், கெணத்துக்குள்ள பேசறாப்ல ஆயிடும். ரிச்சி தெருவுல ரெண்டு பொட்டியையும் மூடி, ரெண்டுக்கும் ஒரே சத்தம் வெக்கச் சொல்லு. துளி சத்தம் ஏறுனது இனிக்கும், கடைக்காரனுக்கு அது அத்துப்படி. மொறைப்பான். மொறைச்சா என் பேரைச் சொல்லு. அவங்கப்பன் ரெண்டு ஆம்ப்ளிஃபயர் வாடகை இன்னும் பாக்கி வெச்சிருக்கான்.