ஊருக்குப் போகப்போகிறவர்

சென்னையில் மடிப்பாக்கம், மேற்கு மாம்பலம், அம்பத்தூர் என்று எங்கே தடுக்கி விழுந்தாலும் இவர் காலில்தான் விழ வேண்டியிருக்கும். அறுபதை நெருங்கும் வயது, தாமிரபரணிக் கரையில் பூட்டிக் கிடக்கும் ஒரு வீடு, வாயில் எந்நேரமும் ஒரே பல்லவி: "இதெல்லாம் ஒரு ஊரா சார்? அடுத்த வருசம் ஊருக்குப் போயிரணும்."

அந்த அடுத்த வருசத்துக்கு இப்போது முப்பது வயதாகிறது. மகளுக்குப் பிளஸ் டூ முடியட்டும் என்றார். அப்புறம் கல்லூரி, அப்புறம் கல்யாணம். இன்றைக்குப் பேத்தியின் எல்.கே.ஜி. அட்மிஷனில் வந்து நிற்கிறது. நடுவில் தாழம்பூரில் இரண்டாவதாக ஒரு ஃபிளாட்டும் வாங்கியாயிற்று. "அது சும்மா இன்வெஸ்ட்மெண்ட் சார். போகப்போறவனுக்கு இங்க எதுக்கு வீடு?"

சென்னைக்கு ஒரு கஷ்டம் வந்தால் இவருக்கு ஊர்ப்பாசம் பொங்கும். 2015 வெள்ளத்தில் மொட்டை மாடியில் நின்று சபதம் போட்டார். 2016இல் வர்தா புயல் தெரு மரங்களையெல்லாம் சாய்த்தபோது அதைப் புதுப்பித்தார். 2019இல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. "தண்ணியே ரயிலேறி வர்ற ஊர்ல மனுசன் இருப்பானா?" என்று கேட்டுக்கொண்டே லாரிக்காரருக்குப் போன் போட்டு ஒரு லோடு சொன்னார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பொறுமை போயே போய்விட்டது. பெட்டியையே எடுத்துக் கீழே வைத்துவிட்டார். இரண்டே வாரத்தில் தென்மாவட்டங்களில் வானம் பொத்துக்கொண்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை புரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுபோனது. பெட்டி மறுபடி பரணுக்கு ஏறியது. "ஊரும் முன்ன மாதிரி இல்ல சார்" என்று அன்று ஒரு வார்த்தை சொன்னார். பொங்கலுக்குள் அதையும் மறந்துவிட்டார்.

பொங்கல்தான் இவருக்குத் தேர்வுக் காலம். ரயில் முன்பதிவு 120 நாளாக இருந்தபோது தை மாதத்துக்குப் புரட்டாசியிலேயே தயாராவார். 2024 நவம்பரிலிருந்து அது 60 நாளாகக் குறைந்ததில், பதற்றம் மட்டும் இரட்டிப்பாகிவிட்டது. காலை எட்டு மணிக்குக் குடும்பமே ஆளுக்கொரு போனோடு உட்காரும். எட்டு மணி இரண்டு நிமிடத்துக்கு வெயிட்டிங் லிஸ்ட் வரும். எப்படியோ வந்தே பாரத்தில் இடம் பிடித்து, எட்டு மணி நேரத்தில் திருநெல்வேலியில் இறங்கிவிடுவார்.

முதல் நாள் ஆற்றுக் குளியலும் அல்வாவும் அமர்க்களப்படும். இரண்டாம் நாள், "இங்க கேன் தண்ணி கிடைக்குமா?" என்று மச்சினனைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பார். தாமிரபரணித் தண்ணீரின் ருசியைப் பற்றிச் சென்னையில் ஒரு மணி நேரம் பேசியவர் இவர்தான். மூன்றாம் நாள், "எட்டு மணிக்கே கடையை அடைச்சா எப்படி?" என்று கோபம் வரும்.

இதைவிடப் பெரிய சோதனை மனிதர்கள். "பக்கத்து ஃபிளாட்ல யாரு இருக்கான்னே தெரியாது, அதெல்லாம் ஒரு வாழ்க்கையா?" என்று சென்னையில் வருத்தப்படுபவர். ஊரிலோ தெருவே வந்து திண்ணையில் உட்காரும். "எப்பம் வந்திய? என்னைக்குப் போறிய? மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம்? தலையில முடியெல்லாம் எங்க போச்சு?" சாயங்காலத்துக்குள் இவர் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, "ஒரு பிரைவசியே இல்லை" என்று மனைவியிடம் முணுமுணுப்பார். சென்னையில் சுத்தத் திருநெல்வேலித் தமிழ் பேசுபவருக்கு, ஊர் மண்ணை மிதித்ததும் 'இன்னா', 'அப்பால' எல்லாம் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்ளும். நான்காம் நாளே ரிட்டர்ன் டிக்கெட்டை எடுத்துப் பார்ப்பார். ரயில் தாம்பரத்தைத் தாண்டியதும் முகத்தில் ஒரு தெளிச்சி. எழும்பூரில் இறங்கி, ஆட்டோக்காரர் சொன்ன ரேட்டைக் கேட்டதும் பழைய பல்லவி திரும்பிவிடும்: "இதெல்லாம் ஒரு ஊரா?"

இவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். மனதார நம்பித்தான் சொல்கிறார். வேளச்சேரி நெரிசலையும் கொசுவையும் மாதத் தவணையையும் ஒரு மனிதன் முப்பது வருடம் தாங்க வேண்டுமானால், எந்த நேரமும் கிளம்பிவிடலாம் என்ற நினைப்பு அவசியம். பூட்டிக் கிடக்கும் அந்த வீட்டை அவர் விற்காமல் வைத்திருப்பதும் அந்த நினைப்புக்காகத்தான்.

ஆகவே உங்கள் மாடியில் இப்படி ஒருவர் இருந்தால், "எப்ப சார் கிளம்புறீங்க?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி, நீங்களும் அடுத்த வருசம் போய்விடப்போவதாகச் சொல்லுங்கள். சென்னையில் அக்கம்பக்கத்துச் சிநேகமெல்லாம் அப்படித்தான் ஆரம்பிக்கிறது.