மருந்துக்குப் பஞ்சமில்லை!

கேள்வி: பட்டாசு ஆலையில் விபத்து என்றால், காயம்பட்டவர்களை மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்களே. சிவகாசியில் மருந்தே இல்லையா? (வாசகி, சாத்தூர்)

பதில்: மருந்துக்கா பஞ்சம்? தெருவுக்குத் தெரு மருந்துதான். என்ன, எல்லாம் வெடிக்கிற மருந்து! திரி எரிய ஒரு நொடி. மதுரை போய்ச் சேர எழுபது கிலோமீட்டருக்கு மேல். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி பக்கத்து முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காயம்பட்டவர்களில் பலர் மதுரை ராஜாஜி மருத்துவமனைக்குப் போனார்கள். 2022 ஜனவரியில் விருதுநகருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. தாமதமானாலும் நல்ல காரியம்தான். ஆனால் தீக்காயத்துக்குக் கட்டில் மட்டும் போதாது. தோல் ஒட்டுகிற சர்ஜன் வேண்டும், மயக்க மருந்து டாக்டர் வேண்டும், ஒட்டிக்கொண்ட துணியை நனைத்து நனைத்து வலிக்காமல் பிரிக்கிற நர்ஸம்மா வேண்டும். இவர்களை ரிப்பன் வெட்டியா வரவழைக்க முடியும்? டிஸ்சார்ஜ் ஆன பிறகும் கட்டு மாற்ற ஒவ்வொரு தடவையும் பஸ் ஏற வேண்டும். துணைக்கு வருகிறவருக்கும் அன்றைய கூலி போச்சு. அதனால் பல பேர் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். விரல்கள் மடங்கியபடியே ஒட்டிக்கொள்கின்றன. அந்தக் கையோடு மறுபடி திரி கிள்ளப் போகிறார்கள், தாயே.