பரிசீலனைச் செல்வர்

ஒரு பொருளை வாங்குவதற்கும் வாங்காமல் இருப்பதற்கும் நடுவே மூன்றாவதாக ஒரு நிலை உண்டு என்பதையும், அந்த நிலையிலேயே ஒரு மனிதர் மனநிறைவோடும் ஊராரின் மதிப்போடும் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்துவிட முடியும் என்பதையும் அறிய விரும்புகிறவர்கள், போடிநாயக்கனூருக்கு வந்து, மலைமேல் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் கனவான்களுள் ஒரு வகையினரைச் சற்றுச் சிரத்தையோடு கவனிக்க வேண்டும். இந்த வகையினருக்குப் பரிசீலனைச் செல்வர் என்று நான் பெயர் சூட்டியிருக்கிறேன். இதற்காக அவர்கள் என்மேல் கோபிக்க மாட்டார்கள். அந்தப் பெயர் தங்களுக்குப் பொருந்துமா என்று யோசித்துச் சொல்வதாக, அடுத்த தை மாதம் வரையில் அவகாசம் கேட்பார்கள்.

செல்வரைச் சோம்பேறி என்றோ கோழை என்றோ எண்ணுவது அபசாரம். போடியில் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையத்தில் அவர் உட்கார்ந்திருக்கும் தோரணையைப் பார்த்தவர்கள் அப்படி எண்ணவே மாட்டார்கள். சாம்பிள் காயில் ஒரு பிடியை அள்ளி, உள்ளங்கையில் உருட்டி, காதோரம் குலுக்கிக் கலகல என்ற சப்தத்தைக் கேட்டு, பச்சை நிறம் மங்காமல் இருக்கிறதா, எட்டு மில்லிக்கு மேல் எவ்வளவு தேறும் என்பதையெல்லாம் ஒரே பார்வையில் கணித்து, அடுத்தவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்வதற்குள் லட்சக்கணக்கான ரூபாய்க்குச் சரக்கைக் கேட்டு முடித்திருப்பார். நாளைக்கு விலை சரிந்தால் என்ன செய்வது என்ற கவலை அவருக்கு வருவதே இல்லை. பெரிய விவகாரங்களில் இவ்வாறு செலவாகாமல் மிச்சப்பட்ட விவேகம் முழுவதையும் சேமித்து வைத்திருந்து, ஆயிரக்கணக்கில் அடங்கிவிடும் சில்லறைச் சாமான் ஒன்றை வாங்க நேரும்போது மொத்தமாகச் செலவழிப்பதே அவருடைய தனிச்சிறப்பு. இப்போது சில மார்கழிகளாக அந்த விவேகம் முழுவதும் குளிர்காயும் ஹீட்டர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் செலவாகி வருகிறது.

போடியில் உட்கார்ந்துகொண்டு ஹீட்டரைப் பற்றிப் பேசினால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சித்திரை வெயிலில் இந்த ஊர்ச் சுவர்களைத் தொட முடியாது. ஆனால் முந்தல் சோதனைச்சாவடியைத் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, நாலாயிரம் அடிக்கு மேல் உள்ள போடிமெட்டை அடைகிறவர் வேறொரு தேசத்துக்குள் பிரவேசிக்கிறார். ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஆறு, ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்பது இயற்கையின் பொது விதி. அதற்கு மேல் மலைக்காற்று தன் பங்குக்குச் செய்யும் உபகாரம் தனி. ஏலக்காய்க்கோ காலநேரம் பார்த்துப் பழுக்கும் பழக்கம் கிடையாது. ஆடி ஆவணியில் தொடங்கும் காயெடுப்பு தை மாதம் வரையில் நீளுவதால், பூப்பாறைக்கு அப்பால் தோட்டம் வைத்திருக்கும் செல்வர், கம்பளிக் குல்லாயும் இரண்டு சால்வையுமாக மார்கழி இரவுகளைத் தம் ஸ்டோரை ஒட்டிய அறையில் கழிக்க வேண்டியிருக்கிறது.

ஸ்டோர் என்பது பச்சைக்காயை உலர்த்தும் கட்டிடம். வெளியே இருக்கும் அடுப்பில் விறகை எரித்தால், அந்தச் சூடு இரும்புக் குழாய்கள் வழியாக உள்ளே பரவி, தட்டுகளில் பரப்பியிருக்கும் காயை இரவும் பகலுமாக உலர்த்தும். நாற்பத்தைந்து டிகிரிக்குக் குறைந்தால் காய் பூசணம் பிடிக்கும். ஐம்பத்தைந்தைத் தாண்டினால் தோல் வெடித்து நிறம் போய்விடும். இந்த நுட்பத்தைத் தெர்மாமீட்டரைப் பார்க்காமலே, கதவைத் திறந்தவுடன் முகத்தில் அடிக்கும் ஆவியைக் கொண்டே நிதானிக்கிற கிழவர் ஒருவர், அடுப்பு வாசலில் சாக்கை விரித்து வெறும் உடம்போடு உட்கார்ந்திருப்பார். காய்க்கு ஐம்பது டிகிரி, கிழவருக்கு முப்பது டிகிரி, முதலாளிக்குப் பத்து டிகிரி என்ற இந்த விசித்திரமான விநியோகத்தைச் சீர்திருத்த வேண்டும் என்ற எண்ணம் செல்வருக்கு உதித்ததில் தவறில்லை.

அந்த எண்ணம் ஆராய்ச்சியாக முற்றியதற்குக் காரணம், அமெரிக்காவில் மினசோட்டாவில் இருக்கும் மருமகப்பிள்ளை அனுப்பிய ஒரு புகைப்படம். பத்தாயிரம் ஏரிகளின் நாடு என்று பெயர்பெற்ற அந்த மாகாணத்தில், குளிர்காலத்தில் ஏரி உறைந்து பாறையாகிவிடும்; நாலு அங்குல கனத்துக்குத் தெளிந்த பனிக்கட்டி இருந்தால் மனிதர்கள் அதன்மேல் நடந்துபோய், துரப்பணத்தால் துளை போட்டு, துளையின்மேல் சிறு கூடாரம் அடித்து, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, தூண்டிலைத் தொங்கவிட்டுக்கொண்டு மீனுக்காகக் காத்திருப்பார்களாம். மருமகப்பிள்ளையும் அவ்வாறு காத்திருந்தார். அவர் காலடியில், ஒரு கையால் தூக்கிக்கொண்டு போகக்கூடிய சிறு ஹீட்டர் ஒன்று செக்கச் செவேல் என்று எரிந்துகொண்டிருந்தது. படத்தில் மீனும் இருந்தது என்று வீட்டார் சொல்கிறார்கள். செல்வர் அதைப் பார்க்கவில்லை.

புரொப்பேன் வாயுவில் எரியும் அந்தச் சாதனம் மணிக்கு 4,000 பி.டி.யு. முதல் 9,000 பி.டி.யு. வரையில் சூடு தரும் என்பதையும், ஒரு பவுண்டு உருளையை மாட்டினால் தணித்து எரிக்கையில் ஐந்து மணி நேரத்துக்கு மேலும், முழு வேகத்தில் எரிக்கையில் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவும் எரியும் என்பதையும், ஏழாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அது தானாகவே அணைந்துவிடக்கூடும் என்பதையும் அவர் ஒரே வாரத்தில் பாராயணம் செய்துவிட்டார். கடைசி விஷயம்தான் அவரை வதைத்தது.

“நம்ம தோட்டம் நாலாயிரம் அடிதானேங்க, அப்புறம் என்ன?” என்றார் மனைவியார்.

“நாளைக்கே கொழுக்குமலைப் பக்கம் ஒரு தோட்டம் விலைக்கு வந்தா?”

“அங்க தேயிலைல்ல வெளையுது. நமக்கு எதுக்குங்க தேயிலை?”

இதற்கு மறுமொழி இல்லாததால், ‘உயரம்: நிலுவை’ என்று நோட்டில் எழுதி வைக்கப்பட்டது. அந்த நோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பக்கத்திலிருந்து ஏலக்காய்க் கணக்கும், பின்பக்கத்திலிருந்து ஹீட்டர் ஆராய்ச்சியும் எழுதப்பட்டுவரும் அந்த நீளக் கணக்கு நோட்டில், இரண்டும் நடுவில் சந்திக்கும் நாள் தூரத்தில் இல்லை.

உருளையை ஆகாய விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்பதாலும், அந்த ஊர் உருளையின் மரை நம் ஊர் ரெகுலேட்டருக்குப் பொருந்தாது என்பதாலும், உள்ளூர்ச் சரக்கைப் பார்ப்பது என்று தீர்மானித்துத் தேனியில் ஒரு கடைக்குப் போனார். பின்புறத்தில் சிலிண்டரை வைத்துக்கொள்ளும் பெட்டி மாதிரி காஸ் ஹீட்டரைக் கடைக்காரர் காட்டினார்.

“இதை எடுத்துக்கங்கண்ணே, பத்து நிமிசத்துல ரூம் கும்முனு ஆயிரும்.”

“ஜன்னலை மூடிக்கலாமா?”

“அய்யோ, ரெண்டு பக்கமும் கொஞ்சம் திறந்து வச்சிரணும்ணே. காத்து வந்து போகணும்ல?”

“ஜன்னலைத் திறந்தா குளிருமே தம்பி.”

“அதுக்குத்தாண்ணே ஹீட்டரு.”

அன்று செல்வர் அடைந்த ஆனந்தத்தை வர்ணிக்க முடியாது. குளிருக்காக ஹீட்டர், ஹீட்டருக்காகத் திறந்த ஜன்னல், திறந்த ஜன்னலால் குளிர், அந்தக் குளிருக்காக இன்னும் பெரிய ஹீட்டர் என்று முடிவில்லாமல் சுழலும் ஒரு சித்தாந்தம் கைக்குக் கிடைத்தபின் ஹீட்டரையும் வாங்க வேண்டிய அவசியம் என்ன? ஒன்றும் வாங்காமல், மிகுந்த லாபத்தோடு ஊர் திரும்பினார்.

ஆனால் அவருடைய ஆட்சேபணைகளை வெறும் குதர்க்கம் என்று தள்ளிவிடக் கூடாது. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளிப்படும் என்பது ரசாயனம். மினசோட்டாக் கூடாரங்களில் அது கூரைத் துணியில் படிந்து தலையில் சொட்டுகிறதாம். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காயிலிருந்து நாலு கிலோ ஈரத்தை வெளியேற்றி ஒரு கிலோ காய்ந்த காயை எடுப்பதே தொழிலாகக் கொண்ட மனிதர், காசு கொடுத்து ஈரத்தை அறைக்குள் வரவழைத்துக்கொள்ளச் சம்மதிப்பாரா? நம் ஊர்ச் சிலிண்டரில் புரொப்பேனோடு பியூட்டேனும் கலந்திருப்பதும், பியூட்டேன் பூஜ்ய டிகிரியை நெருங்கினால் ஆவியாக மறுத்துச் சிலிண்டருக்குள்ளேயே சுருண்டு படுத்துக்கொள்வதும் அவருடைய அடுத்த பிரசங்கம். மூணாற்றுப் பக்கம்தான் அவ்வளவு குளிர் அடிக்கும், நம் தோட்டத்தில் ஏது என்று யாரேனும் குறுக்கிட்டால், வாயுவை வேகமாக உறிஞ்சும்போது சிலிண்டர் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும் என்று சொல்லி, வாயை மூடவைத்துவிடுவார்.

மின்சாரப் பக்கம் வந்தால், ஆர்மோனியத் துருத்தியை நிமிர்த்தி வைத்தாற்போன்ற ஆயில் ஹீட்டர் புகை இல்லாதது, தீ இல்லாதது, அறைக் காற்றைத் தின்னாதது என்று தாராளமாக ஒப்புக்கொள்வார். ஆனால் 2,000 வாட் ஹீட்டர் எட்டு மணி நேரம் ஓயாமல் ஓடினால் பதினாறு யூனிட் ஆகும். காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கிற இரவில் மலையில் கரண்டு நிற்குமா என்பது வேறு விஷயம். குளிர் அதிகமாகும் இரவில்தான் கரண்டு போகும், கரண்டு போகும் இரவில்தான் ஹீட்டர் தேவைப்படும் என்று இரண்டாவது சித்தாந்தம் ஒன்றும் இவ்வாறு ஸ்தாபிக்கப்பட்டது.

கரியடுப்பைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரலில் விளையாட்டு இருக்காது. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் கரி நெருப்பை அறைக்குள் வைத்துக் கதவடைத்துப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்திகளை அவர் பத்திரிகையிலிருந்து கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார். சமையல் வாயு கசிந்தால் மூக்கு எச்சரிக்கும், அதற்காகவே அதில் நாற்றம் சேர்க்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, நாற்றமும் கிடையாது. பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தைப் பிடித்துக்கொண்டு, மனிதனைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும். அமெரிக்க ஹீட்டரில் பிராணவாயு குறைந்தால் தானே அணைக்கும் கருவி உண்டு, கரிச்சட்டியில் என்ன உண்டு என்று அவர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் நின்று கேட்ட கேள்வி வீண்போகவில்லை. மறுநாளே அடுப்புக் கிழவர் வந்து நின்றார்.

“மொதலாளி, நீங்க சொன்னீகன்னு எல்லாரும் சட்டிய வெளிய வச்சுட்டாக. இப்ப குளுரு தாங்கல. ஆளுக்கொரு கம்பளி குடுத்தா நல்லாருக்கும்.”

கம்பளிகளில் எது சிலாக்கியம் என்று செல்வர் நோட்டைப் புரட்டத் தொடங்கினார். அதற்குள் மனைவியார் போடியிலிருந்து ஒரு கட்டுக் கம்பளியை வாங்கி, மறுநாள் விடியற்காலை ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பிலேயே அனுப்பிவிட்டார்.

இவருடைய ஆராய்ச்சியால் நன்மை அடைந்தவர்கள் மலையில் அநேகர். ஹீட்டர் வாங்க நினைக்கிற ஒவ்வொருவரும் முதலில் அவரிடம் வருவார்கள். அவர் மூன்று மணி நேரம் பேசுவார். வந்தவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, காப்பியைக் குடித்துவிட்டு, அந்தப் பேச்சில் எந்த ஹீட்டருக்குக் குறைவான குற்றங்கள் சுமத்தப்பட்டனவோ அதை அடுத்த நாளே போய் வாங்கிவிடுவார்கள். பக்கத்துத் தோட்டத்து இளைஞரும் அப்படித்தான் ஆயில் ஹீட்டர் ஒன்றையும், கரண்டு போனால் உதவட்டும் என்று ஒரு ஜெனரேட்டரையும் வாங்கி, ஜெனரேட்டரைக் கட்டிடத்துக்கு வெளியே எட்டத்தில் வைத்துக்கொண்டார். “அவசரக்காரப் பையன்” என்று செல்வர் பரிதாபப்பட்டார். அவசரத்தில் வாங்கிய பொருளில் கோளாறு இல்லாமல் இராது. அதைக் கண்டுபிடித்துச் சொல்வது பெரியவர்களின் கடமை. ஆகையால் இந்த மார்கழியில், இரவுச் சாப்பாடு முடிந்தவுடன் நோட்டும் கையுமாக அந்த வீட்டுக்குப் போய், ஹீட்டருக்கு மிக அருகில் உள்ள நாற்காலியில் அமர்ந்து, குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நள்ளிரவு வரையில் அதைக் கண்கொட்டாமல் கண்காணித்து வருகிறார். கோளாறு இன்னும் அகப்படவில்லை. கண்காணிப்பை இடையில் நிறுத்துவது முறையல்ல என்பதால் வீட்டுக்காரர் தூங்கப் போனாலும் ஹீட்டரை அணைக்கச் சம்மதிப்பதில்லை.

“அண்ணே, இவ்வளவு பிடிச்சிருக்குல்ல, நீங்களும் இதுலயே ஒண்ணு வாங்கிரலாமே” என்று ஒரு நாள் அந்த இளைஞர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டார்.

செல்வர் கால்களை ஹீட்டரின் பக்கமாக இன்னும் சற்று நீட்டிக்கொண்டார்.

“வாங்கிரலாம் தம்பி. ஆனா ரெண்டு வீட்டுலயும் ஒரே மாதிரி ஹீட்டர் இருந்தா, ஒப்பிட்டுப் பாக்க நாளைக்கு நாம எங்க போறது?”