பிஸ்கட் நிறத்தின் இலக்கணம்: பாலைவனத்து வெளிச்சுவர் குறித்த ஓர் ஆய்வுரை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரவாசி, தம் வீட்டு வெளிச்சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று பெயிண்ட் கடையில் நிற அட்டைகளைப் புரட்டியபடி அரை நாள் நிற்கிறார். இது வீண் வேலை என்பது இவ்வாய்வின் துணிபு. அவர் எந்த அட்டையை எடுத்தாலும் சுவரின் நிறம் முன்பே முடிவாகிவிட்டது. அது பிஸ்கட் நிறம். முடிவை முதலில் எழுதிவிட்டுச் சான்றுகளைப் பிறகு தேடுவது ஆய்வு நெறிக்கு மாறானது என்பாரும் உளர். அவர்கள் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யாதவர்கள்.

நிலமும் பொழுதும்

ஆய்வுக்களம் ஐயத்துக்கு இடமற்ற பாலைத் திணை. நிலம் சொனோரா பாலைவனம், பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல். கருப்பொருள்கள்: சகுவாரோ கள்ளி, தேள், மொட்டை மாடியில் ஓயாமல் உறுமும் ஏ.சி. உரிப்பொருள் பிரிவு. தலைவியைத் தலைவன் பிரிவதை விரித்துப் பாடிய புலவர்கள், சுவரைப் பெயிண்ட் பிரிவதைப் பாடாமல் விட்டது அவர்கள் குற்றமன்று. அன்று அக்ரிலிக் இல்லை.

வெயிலின் தரம் பற்றி இரு குறிப்புகள் போதும். 1990 ஜூன் 26 அன்று இந்நகரில் 50 டிகிரி செல்சியஸ் பதிவானது. 2023 கோடையில் தொடர்ந்து 31 நாள், பகல் உச்சம் 43 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை.

மழை

ஆண்டுக்கு ஏறத்தாழ 180 மில்லிமீட்டர். இவ்வியல் முற்றிற்று.

சுவர் எனப்படுவது

செங்கல் வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் பீனிக்ஸ் வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்தால் திடுக்கிடுவார்கள். உள்ளே மரச்சட்டம். அதன்மேல் பெரும்பாலும் நுரைப்பலகை, அதன்மேல் கம்பி வலை, வலையைப் பிடித்துக்கொண்டு சிமெண்டும் மணலும் கலந்த ஸ்டக்கோ பூச்சு. பழைய முறையில் இது மூன்று கோட். மொத்தக் கனம் 22 மில்லிமீட்டர் அளவு. நடுக்கோட்டுக்கு அந்நாட்டுக் கொத்தனார்கள் வைத்த பெயரே 'பழுப்பு'. பெயிண்டர் வாசலுக்கு வருமுன்பே சுவர் தன் விருப்பத்தைச் சொல்லிவிட்டது என்று இதை நாம் கொள்கிறோம். இப்போது புழங்கும் முறைக்கு 'ஒரு கோட் ஸ்டக்கோ' என்று பெயர். அதில் பூசுவது இரண்டு கோட். கணக்குக் கேட்டால் மேல்கோட்டைக் கோட்டாகவே அவர்கள் எண்ணுவதில்லை என்கிறார்கள்.

புதுப் பூச்சு கடுங்காரம் உடையது, பி.எச். அளவு 12, 13 வரை போகும். அது தணிய ஒரு மாதம் போலக் காத்திருக்க வேண்டும். கொத்தனாரைக் கணக்கு முடித்து அனுப்பிய கையோடு பெயிண்டரைக் கூப்பிடும் அவசரக்காரர்களின் சுவரில் காரம் பெயிண்டைத் தின்கிறது, உப்புப் பூக்கிறது; பிறகு மேற்சொன்ன உரிப்பொருள் நிகழ்கிறது.

பூச்சில் மயிரிழை விரிசல் விழுவது இயல்பு. அதை மூடும் வழியில் இரு கட்சிகள் உள. ரப்பர் கட்சியார், இழுபடும் தடித்த எலாஸ்டோமெரிக் பெயிண்டைப் பூசி விரிசலை மறைக்கச் சொல்வர். அக்ரிலிக் கட்சியார், விரிசலை மட்டும் தனியே அடைத்துவிட்டுச் சுவரை மூச்சுவிட விடுங்கள் என்பர். ரப்பர் போர்த்திய சுவருக்குள் எங்கோ ஓர் ஓட்டை வழியே நீர் புகுந்துவிட்டால் வெளியேற வழியின்றிக் கொப்புளம் கொப்புளமாக எழும் என்பது பின்னவர் வாதம். பெயிண்டர்கள் இரு கட்சிக்கும் உரியவர்கள். டப்பா எதுவோ கட்சி அது.

நிழல்

பல பெயிண்ட் டப்பாக்களின் முதுகில், 32 டிகிரிக்கு மேல் பூச வேண்டாம் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். 2023 ஜூலை 19 அன்று பீனிக்ஸின் குறைந்தபட்ச வெப்பநிலை 36 டிகிரி. அதாவது அந்த 24 மணி நேரத்தில் மிகக் குளிர்ந்த நொடியிலும் டப்பாவின் சொல்லை மீறாமல் தூரிகையைத் தொட்டிருக்க முடியாது. விதியை எழுதியவர் குளிரூட்டிய அறையில் இருந்தார் என்று தெரிகிறது.

விதிக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. பெயிண்டில் உள்ள பிசின் துகள்கள் ஒன்றோடொன்று கூடிப் படலமாவதற்கு அதிலுள்ள நீர் சற்று நேரம் தங்கியிருக்க வேண்டும். கொதிக்கும் சுவரில் நீர் உடனே பறந்துவிடும். காய்ந்து புகையும் கல்லில் ஊற்றிய தோசைமாவு பரவாமல் கரண்டியோடு வருவதைக் கண்டவர்களுக்கு மேலே விளக்க வேண்டியதில்லை. ஆகவே புத்தியுள்ளவர்கள் அக்டோபருக்குப் பின் வேலையை வைத்துக்கொள்கிறார்கள்.

கோடையில் பூசித்தான் ஆக வேண்டும் என்றால் நிழலின் பின்னால் போவதே வழி. காலையில் மேற்குச் சுவர், பிற்பகலில் கிழக்குச் சுவர். தெற்குச் சுவரைப் பற்றி மட்டும் பொதுமக்களிடையே ஒரு மூடநம்பிக்கை உலவுகிறது: கோடையில் அதுதான் அதிகம் காயுமாம். ஜூன் மாத நண்பகலில் பீனிக்ஸ் சூரியன் 80 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே நிற்கிறது. கூரை நீண்டிருந்தால் தெற்குச் சுவர் தப்பித்துக்கொள்ளும். டிசம்பரில் சூரியன் 33 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை. அப்போதுதான் அது நேர்முகமாக வாங்குகிறது. கோடையின் முழு அடியையும் வாங்குவது மேற்குச் சுவர். அதைத் தொட்டுப் பார்ப்பதைச் செயல்முறைச் சான்றாக நாம் பரிந்துரைக்கவில்லை.

நிறம்: இயற்பியலும் சங்கமும்

இனி ஆய்வின் மையம். வெள்ளை வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். பர்டியூ பல்கலைக்கழகத்தார் பேரியம் சல்பேட்டைக் கொண்டு, சூரிய ஒளியில் 98.1 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயிண்டை 2021-இல் அறிவித்தார்கள். பர்டியூ இருப்பது பனி கொட்டும் இண்டியானாவில். வெயில் கொட்டும் பீனிக்ஸை ஒட்டிய பாரடைஸ் வேலி ஊரிலோ, குன்றுப்பகுதி வீடுகளின் வெளிப்புறம் 38 விழுக்காட்டுக்கு மேல் ஒளியைத் திருப்பக் கூடாது என்று விதி. மலையைப் பார்க்கிறவர் கண்ணை வீடு உறுத்தக் கூடாதாம். மலை கூசாமல் இருக்க மனிதர் கூடுதலாக மின்கட்டணம் கட்டுவது பண்பாட்டின் உச்சம் என்றே சொல்ல வேண்டும்.

குன்றில்லாத சமவெளியில் விதியின் இடத்தை வீட்டு உரிமையாளர் சங்கம் எடுத்துக்கொள்கிறது. சங்கத்துக்கு ஒரு குழு. குழுவுக்கு ஒரு நிறப் பட்டியல். பட்டியலில் மணல், களிமண், காய்ந்த புல், மறுபடியும் மணல். வீட்டுக்காரர் விண்ணப்பம் எழுதி, சுவரில் மாதிரிச் சதுரங்கள் பூசிக் காட்டி, ஒப்புதலுக்குக் காத்திருக்கிறார். இதைச் சிறு விஷயம் என்று ஒதுக்குவோர் அதே மாநிலத்து செடோனா ஊரைப் பார்க்க வேண்டும். மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தின் மஞ்சள் வளைவுகள் செம்பாறைகளோடு பொருந்தாது என்று ஊரார் சொல்ல, 1993-இல் திறந்த அக்கடையில் வளைவுகள் நீலப்பச்சையாயின. அத்தனை பெரிய கம்பெனியே பணிந்த இடத்தில் மூன்று படுக்கையறை வீட்டுக்காரர் எம்மாத்திரம்?

குழுவை ஏமாற்றிவிட்டவரும் சூரியனை ஏமாற்ற முடியாது. பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள், ஊதா நிறமிகளில் பல கரிமச் சேர்மங்கள். புற ஊதாக் கதிர் அவற்றின் பிணைப்புகளை அறுத்துவிடுகிறது. காவியும் செம்மண்ணும் இரும்புத் துருவின் வகைகள். ஏற்கெனவே துருவேறியதைச் சூரியன் புதிதாக என்ன செய்துவிடும்? ஆக நீடிப்பவை மண் நிறங்களே. பெயிண்டைப் பிடித்து நிற்கும் பிசினும் நாளடைவில் சிதைந்து, நிறமி தூளாகிச் சுவரில் தங்கும். உள்ளங்கையால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் போதும். கையில் தூள் ஒட்டினால் மறுபடி பூசும் காலம் வந்துவிட்டது. அத்தூளைக் கழுவாமல் மேலே பூசுகிறவர் சுவருக்குப் பூசவில்லை, தூளுக்குப் பூசுகிறார்.

எஞ்சிய வேலையைப் புழுதி செய்கிறது. 2011 ஜூலை 5 அன்று ஏறத்தாழ ஒரு மைல் உயரப் புழுதிச் சுவர் நகரத்தின் மேல் வந்து விழுந்தது; இவ்வகைப் புயலை அங்கே ஹபூப் என்பர். ஈரச்சுவரில் அது படிந்தால் எந்த அட்டையிலும் இல்லாத, ஆனால் எல்லா அட்டைகளுக்கும் பொதுவான நிறம் கிடைக்கும். பிஸ்கட் நிறம் பூசுவோர் புழுதிக்கு வேலை மிச்சம் வைக்காதவர்கள் என்க.

இதற்குப் புறனடை ஒன்று உண்டு. டூசானுக்குத் தெற்கே, 1783-இல் தொடங்கி 1797-இல் முடித்த சான் சேவியர் தேவாலயம் வெள்ளைவெளேர் என்று நிற்கிறது. பாலைவனத்தின் வெண்புறா என்பது அதன் செல்லப்பெயர். இருபதாம் நூற்றாண்டில் யாரோ நல்லெண்ணத்தில் அதற்குச் சிமெண்ட் பூச, ஈரம் உள்ளே சிக்கிச் செங்கல் இற்றது. பின்னர் அதை உரித்தெடுத்துவிட்டுச் சப்பாத்திக்கள்ளிச் சாறு கலந்த சுண்ணாம்பைப் பூசினார்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்துச் சுண்ணாம்பு அரைத்த நம்மூர்க் கொத்தனார்கள் இதைக் கேட்டால் 'பின்னே?' என்பார்கள். நம் கொள்கை இதனால் வீழ்ந்ததாகக் கருத வேண்டாம். அந்தத் தேவாலயம் எந்த வீட்டு உரிமையாளர் சங்கத்திலும் உறுப்பினர் அன்று.

மேலாய்வுக்கு உரியது

பெயிண்ட் மங்கிப்போனால் சங்கத்திடமிருந்து கடிதம் வருகிறது: பழைய நிறத்தையே மீண்டும் பூசவும். பழைய நிறம் எது? அட்டை தொலைந்துவிட்டது. சுவரிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்துக் கடைக்குக் கொண்டுபோனால் இயந்திரம் அளந்து அதே நிறத்தைக் கலந்து தரும்; ஆனால் அது சூரியன் திருத்திய பதிப்பு. மூலபாடம் வேண்டுவோர் வெயில் படாத இடத்தை அகழ வேண்டும். வாசல் விளக்கின் திருகுகளைக் கழற்றி விளக்கைப் பெயர்த்தால், அதன் பின்னே வட்டமாக, முதல் நாள் பூசியபடியே, அசல் நிறம் இருக்கும். அதுவும் பிஸ்கட் நிறந்தான். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு என்று குழுவினர் உறுதியாகச் சொல்கிறார்கள். விண்ணப்பத்தை இரண்டு பிரதிகளில் கேட்கிறார்கள்.