பிஸ்கட்டூர், தொப்பியூர், செருப்பூர்

கே: இங்கிலாந்தில் எது சிட்டி, எது வெறும் டவுன் என்று எதை வைத்துப் பிரிக்கிறார்கள் ஐயா? ஜனத்தொகையா?

ப: ராஜ சாசனத்தை வைத்து. வெல்ஸில் சுமார் 11,000 பேர், அது சிட்டி. லூட்டனில் இரண்டு லட்சத்துக்கு மேல், அது டவுன். தலைகளை எண்ணுவதெல்லாம் தேர்தலில்தான், தம்பி. இங்கே கணக்கில் வருவது ஒரே தலை, கிரீடம் வைத்த தலை.

கே: பேராலயம் இருந்தால்தான் சிட்டி என்று எங்கள் வாத்தியார் சொன்னாரே?

ப: எட்டாம் ஹென்றி காலத்துப் பாடம் அது. 1889ல் பர்மிங்ஹாமுக்குப் பட்டம் கொடுத்தபோது அங்கே பேராலயம் கிடையாது. பிளாக்பர்னில் பேராலயம் இருக்கிறது, பட்டம் இல்லை. கோபுரத்துக்குக் கிடைக்காதது புகைபோக்கிக்குக் கிடைத்தது!

கே: பட்டம் வாங்கினால் ஊருக்கு என்ன லாபம்?

ப: கூடுதல் அதிகாரம் இல்லை, கஜானாவிலிருந்து காசும் வராது. 2022ல் மில்டன் கீன்ஸ், கோல்செஸ்டர், டான்காஸ்டர், சவுத்எண்ட் நான்கும் சிட்டி ஆயின. கைமேல் வந்தது பெயர்ப்பலகைக்குப் பெயின்ட் செலவு.

கே: ரெடிங் மட்டும் ஏன் கேட்டுக் கேட்டுத் தோற்கிறது?

ப: 2000, 2002, 2012, 2022 என்று படையெடுப்பு. முதலாம் ஹென்றி 1121ல் மடம் எழுப்பி, கடைசியில் அங்கேயே அடக்கமான ஊர். ஒரு ராஜாவையே மடியில் வைத்திருந்தும் ராஜ பட்டம் வரவில்லை. போகட்டும், 1822ல் ஆரம்பித்த ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் பிஸ்கட் உலகமெல்லாம் போனதே! பாமர் குடும்பம் அள்ளிக் கொடுத்து வளர்ந்த கல்லூரி 1926ல் பல்கலைக்கழகமானது. பிஸ்கட் லாபத்தைப் படிப்பில் போட்ட குடும்பத்தை நான் எழுந்து நின்று கும்பிடுவேன்.

கே: கல்லூரி மாணவி நான். நார்தாம்ப்டனில் ஆதிகாலத்திலேயே பல்கலைக்கழகம் இருந்ததாமே?

ப: இருந்தது தாயே. மூன்றாம் ஹென்றி 1261ல் அனுமதி கொடுத்தார். 1265ல் அவரே இழுத்து மூடினார். ஆக்ஸ்போர்டுக்குக் கெடுதல் என்று காரணம் சொன்னார்கள். அநியாயம்! அந்த ஊர் மறுபடி பல்கலைக்கழகம் என்ற பெயரைப் பார்த்தது 2005ல். எழுநூற்று நாற்பது வருஷம் ‘அரியர்’ வைத்தும் விடாமல் எழுதிப் பாஸான ஊர் அது.

கே: அதே ஊர்தானே செருப்புக்குப் பேர் போனது?

ப: அதேதான். பூட்ஸ் தைத்தே பிழைத்த ஊர். கால்பந்து அணிக்குக்கூடச் செல்லப்பெயர் செருப்புத் தைப்பவர்கள். உள்நாட்டுப் போரில் மன்னருக்கு எதிர்ப்பக்கம் நின்றார்கள். அந்தக் கோபத்தில் இரண்டாம் சார்ல்ஸ் 1662ல் மதிலை இடிக்கச் சொன்னார். 1675ல் தீ விபத்தில் ஊர் சாம்பலானபோது அதே சார்ல்ஸ் ஆயிரம் டன் மரம் அனுப்பினார். மதிலை மறந்தார்கள், மரத்தை மறக்கவில்லை. சர்ச் முகப்பில் அவருக்குச் சிலை வைத்து மே 29தோறும் மாலை போடுகிறார்கள்.

இன்னொரு சேதி. அவ்வூர்ச் செருப்பு ஃபேக்டரி வீட்டுப் பையன் ஒருவர் உள்ளூர் கிராமர் ஸ்கூலில் படித்தார். பெயர் ஃபிரான்சிஸ் கிரிக். அப்பா பார்த்தது காலின் அளவு. பிள்ளை பார்த்தது டி.என்.ஏ.வின் முறுக்கு.

கே: லூட்டன் என்றால் விமான நிலையம்தானே?

ப: அதற்கு முன்னால் தொப்பி. வைக்கோலைப் பின்னித் தொப்பி செய்த வட்டாரம். நாலைந்து வயசுக் குழந்தைகளுக்குப் ‘பின்னல் பள்ளி’ என்று ஒன்று இருந்தது. எழுத்து கொஞ்சம், பின்னல் நிறைய. அந்தப் பிஞ்சு விரல்களை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. 1905ல் வாக்ஸ்ஹால் கார் கம்பெனி வந்தது. 2025ல் ஆலைக்குப் பூட்டு. தொப்பி போய்க் கார் வந்த ஊர், கார் போனதும் வானத்தைப் பார்க்கிறது. வானத்தில் ஈஸிஜெட்!

கே: லூட்டன்காரர்கள் முன்கோபிகளா?

ப: 1919ல் போர் முடிந்ததற்கு மேயர் விருந்து ஏற்பாடு செய்தார், சண்டை போட்டுத் திரும்பியவர்களுக்கு அதில் இடமில்லை. ஜூலை 19 இரவு டவுன்ஹால் எரிந்து போனது. பந்தியில் யாரை விடக்கூடாது என்று அந்த மேயருக்குத் தெரியவில்லை.

கே: போல்டன் நூற்பு இயந்திரம் பற்றி ஒரு வரி?

ப: 1779ல் சாமுவேல் கிராம்ப்டன் கண்டுபிடித்தார், காப்புரிமை எடுக்கவில்லை, ஆலை முதலாளிகள் கோடி கோடியாய்ச் சுருட்டினார்கள், அவருக்குக் காட்டியது நூலளவு நன்றி.

கே: மிடில்ஸ்பரோவுக்குச் சரித்திரமே கிடையாதாமே?

ப: யார் சொன்னது? 1801ல் 25 பேர் இருந்த பண்ணை. 1830ல் நிலக்கரி ரயில் வந்தது, 1850ல் பக்கத்து மலையில் இரும்புத் தாது கிடைத்தது. 1901ல் சுமார் 90,000 பேர்! சிட்னி துறைமுகப் பாலத்தைக் கட்டிய டோர்மன் லாங் இந்த ஊர்க் கம்பெனி. 2015ல் பக்கத்து ரெட்காரின் எஃகு உலை அணைந்தது. சரித்திரம் இல்லை என்பவரைச் சிட்னிக்கு அனுப்புங்கள். பாலத்தில் நடந்து பார்க்கட்டும்.

கே: ஸ்விண்டனில் ரயில் பட்டறை தவிர வேறென்ன?

ப: பட்டறைத் தொழிலாளிகள் 1847ல் மருத்துவ நிதி ஆரம்பித்தார்கள். சம்பளத்தில் சிறு பிடித்தம், குடும்பத்துக்கே வைத்தியம். 1948ல் நாடு முழுக்க வந்த இலவச மருத்துவத்துக்கு நாங்களே முன்னோடி என்று ஊரார் மார்தட்டுவார்கள். தட்டட்டும், தகும்.

கே: அங்கே கார் ஓட்டலாமா?

ப: ஒரு பெரிய ரவுண்டானா, அதைச் சுற்றி ஐந்து குட்டி ரவுண்டானா, 1972 முதல். கோயில் பிராகாரம் சுற்றிப் பழகியவரா? தைரியமாகப் போங்கள்.